சாலையைக் கடக்க முயன்றவர்கள்

சாலை விபத்துச் செய்திக்கென்று நம் நாளிதழ்களில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. சாலையைக் கடக்க முயன்றபோது, வேகமாக வந்த வாகனம் மோதி, சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தார். பெயரையும் வயதையும் ஊரையும் மாற்றிக்கொண்டால் போதும். தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்து இத்தகைய துண்டுச் செய்திகளைச் சில ஆண்டுகளாக நான் கத்தரித்து ஒரு ஃபைலில் வைத்து வருகிறேன். அந்த ‘முயன்ற’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. மலையேற முயன்றார் என்றால் புரிகிறது. வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் கிடக்கிற ஒரு சாலையைத் தாண்டுவது எப்போது முயற்சியாக மாறியது? வாசிக்கிறவர் மனதில் அந்தச் சொல் இன்னொரு வேலையும் செய்கிறது. முயன்றவர் தோற்றுவிட்டார், ஆகவே தவறு அவருடையது என்று தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறது.

இந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் தாண்டியும் ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன. ஊர் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகக் கிடக்கிறது. கிழக்கில் குடியிருப்பவருக்கு மேற்கில் வேலை, மேற்கில் இருப்பவருக்குக் கிழக்கில் பள்ளிக்கூடம். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை இதே சாலையில்தான் இருக்கிறது. சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கும் பெண்கள் ஷிப்டுக்கு மெப்ஸ் வாசலை அடைய இந்தச் சாலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 1984 முதல் அந்த ஏற்றுமதி வளாகம் அங்கே இருக்கிறது. ஆக, இங்கே சாலையைக் கடப்பது யாரோ சிலருடைய அவசரப் புத்தி அல்ல. ஊரின் அமைப்பே அப்படி. ஆனால் சாலையைப் போட்டவர்கள் நீளவாக்கில் போகிறவர்களை மட்டும் எண்ணினார்கள், குறுக்கே போகிறவர்களை எண்ணவே இல்லை.

குறுக்கே போகிறவர்கள் யார்? கார் வைத்திருப்பவர் யூ-டர்ன் தேடிப் போய்த் திரும்பி வருகிறார், அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். இறங்கி நடப்பவர்கள் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பூக்கூடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள். எல்லோருக்கும் முன்பாக, விடியற்காலையில் துடைப்பத்தோடு சாலையிலேயே நிற்கிற தூய்மைப் பணியாளர்கள். அந்த வேலையில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்று இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் காலனியில் ஓர் அக்கா, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. 2022ஆம் ஆண்டின் கடைசியில், காலை ஐந்தரை மணிக்கு, மீடியன் ஓரத்து மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு கார் மோதியது. மேஸ்திரியிடம் மஸ்டரில் கைரேகை வைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒளிரும் மேல்சட்டை கொடுத்திருந்தார்கள்தான், ஆனால் பலமுறை துவைத்து அதன் பட்டைகள் எல்லாம் உரிந்துவிட்டன. வலது தொடையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, கம்பி வைத்தார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தால், அக்கா ‘திடீரென்று குறுக்கே வந்தார்’ என்று இருக்கிறது. காரை ஓட்டியவர் சொன்னதை அப்படியே எழுதி, மயக்கத்தில் இருந்தவரின் கைநாட்டை வாங்கி முடித்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் நான் கேட்டேன், “ஐயா, பெருக்குற வேலை செய்யுறவங்க எப்படி திடீர்னு குறுக்கே வருவாங்க? அவங்க அங்கேயேதானே நின்னாங்க?” அந்த அதிகாரி கோபப்படவில்லை. “ரோட்டுல நின்னா இப்படித்தாம்மா ஆகும்” என்றார். அவருக்கு அது ஆறுதல் வார்த்தை.

அதற்குப் பிறகு எம்.சி.ஓ.பி. வழக்கு. நான் சமூகவியலில் முதுகலை படித்தவள். சாதியையும் கூலியையும் பற்றி நிறையப் புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். ஆனால் ஒரு மனித உடலுக்குச் சாதிச் சமூகம் எப்படி விலை போடுகிறது என்பதை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வராண்டாவில்தான் கண்ணால் பார்த்தேன். கணக்கு எளிமையானது. மாத வருமானத்தை 12ஆல் பெருக்க வேண்டும். பிறகு வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த எண்களை முறைப்படுத்தியது. 41 முதல் 45 வயது வரை 14. அக்காவுக்கு 43. அதன் பிறகு, எவ்வளவு சதவீதம் முடமானார் என்பதால் பெருக்க வேண்டும். மற்ற கூட்டல்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் சிக்கல் வருமானம். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பள ரசீது கிடையாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நாங்கள் 15,000 என்கிறோம், வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் மற்ற வீடுகளில் அக்கா செய்த பாத்திர வேலையையும் காட்டுகிறோம். இரண்டாவது சிக்கல் அந்தச் சதவீதம். மருத்துவர் 30 என்று எழுதினால், 8,000 ரூபாய்க்கு 4,03,200 வரும். ஆனால் காலில்லாமல் சாலை பெருக்க முடியுமா? மேசை வேலை செய்பவருக்கு 30 சதவீத ஊனம் என்பது 30 சதவீதமாகவே இருக்கலாம். பெருக்குகிறவருக்கு அது முழு வேலையும் போனதற்குச் சமம். இதை ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உடல் ஊனத்தின் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பின் சதவீதமாக எடுக்கக் கூடாது, அவர் செய்த தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 15,000 ரூபாய்க்குக் கணக்கு 25,20,000. நான்கு லட்சத்துக்கும் இருபத்தைந்து லட்சத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு சம்பள ரசீதும், நன்றாக வாதாடும் ஒரு வழக்கறிஞரும்தான். மருத்துவமனை வாசலில் கமிஷனுக்கு நிற்கிற ஏஜெண்டுகளிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்ட குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு இருப்பதே தெரியாது. அக்காவின் வழக்கு இன்னும் நடக்கிறது. “காலுக்கு இன்னா வெலைனு அவங்களே பேசிக்கிறாங்க பாப்பா, எங்கிட்ட யாரும் கேக்கல” என்றார் ஒருநாள்.

தலித் வரலாற்றில் சாலை சாதாரண விஷயம் இல்லை. 1893இல் அய்யன்காளி வில்வண்டி ஏறித் திருவிதாங்கூர்த் தெருவில் போனது எதற்காக? 1924இல் வைக்கத்தில் நடந்தது எதற்காக? அதே 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டு வந்தவர் ரெட்டமலை சீனிவாசன். நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். நடப்பதற்கே சட்டம் போட வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நூறு ஆண்டு கழித்து நடக்கலாம் என்ற உரிமை இருக்கிறது, நடக்க இடம்தான் இல்லை.

அம்பேத்கரே ஒரு சாலை விபத்தில் கால் முறிந்தவர் என்பது நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. 1929இல் சாளிஸ்கானில் ரயிலிலிருந்து இறங்கியபோது, தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. அங்கிருந்த மகர் மக்கள், தங்கள் தலைவர் நடந்து வருவது மரியாதையில்லை என்று வண்டியை மட்டும் வாடகைக்குப் பேசி, ஓட்டிப் பழகாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். ஆற்றின் மேலிருந்த பாலத்தின் ஓரக் கல்லில் சக்கரம் மோதி, அவர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். இதை இன்றைய எஃப்.ஐ.ஆர். பாணியில் எழுதினால் எப்படி வரும்? ஓட்டுநரின் அனுபவமின்மையால் விபத்து. அவ்வளவுதான். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அம்பேத்கரோ அந்தக் கேள்வியைத்தான் எழுதினார். ஓட்டியவரைக் குறை சொல்லவில்லை.

சாலைப் பாதுகாப்பு அறிஞர்கள் வேறு வழியில் வந்து அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் வாழ்நாள் முழுவதும் இதையே ஆராய்ந்த தினேஷ் மோகன், 2021இல் மறைந்தவர், மனிதர் தவறு செய்வார் என்று ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு உயிரை வாங்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப வாதிட்டார். சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் இதைக் கொள்கையாகவே ஏற்றது. நம் ஊரில் ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு விழா நடத்திப் பள்ளிப் பிள்ளைகள் கையில் பதாகை கொடுத்து வெயிலில் நடக்க விடுகிறோம். அவர்கள் நடந்து போகும் அந்தச் சாலையிலேயே நடைபாதை இருக்காது.

நம்மாலும் முடியும் என்பதற்கு எங்கள் பகுதியிலேயே சாட்சி இருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று முடிச்சூரில் ஒரு தனியார் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் இறந்தது. ஊர் கொதித்தது, பேருந்து எரிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. இன்றும் ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பேருந்துகளை வரிசையாக நிறுத்தித் தளத்தையும் கதவையும் அவசர வழியையும் சோதிப்பது அந்தக் குழந்தையால்தான். அன்றைக்கு யாரும் குழந்தை கவனமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பேருந்தின் ஓட்டையைப் பார்த்தோம். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் சட்டவிரோத பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பொறியாளர் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தபோதும், பேனரைப் பார்த்தோம். நீதிமன்றமும் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. இரண்டுமே சரியான பார்வை. அதே பார்வையை மீடியனுக்குப் பக்கத்தில் அடிபடுகிற தூய்மைப் பணியாளருக்கும், உடைந்த தடுப்புக் கம்பிக்குள் நுழைந்து போகிற மெப்ஸ் பெண்ணுக்கும் ஏன் தர மாட்டோம் என்கிறோம்?

சாலையை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். ஆபத்து சாலையில் தொடங்குவதில்லை, வீடு எங்கே ஒதுக்கப்படுகிறது என்பதில் தொடங்குகிறது. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும் எண்ணிக்கையில் பெரும்பாக்கம் என்று கூவம், அடையாற்றங்கரை மக்களைக் கொண்டுவந்து இந்தத் தென்புறத்தில் இறக்கினார்கள். பெரும்பாலோர் தலித்துகள். வீட்டைத்தான் மாற்றினார்கள், வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டைக்கோ மயிலாப்பூருக்கோ நடந்து போய் வேலை செய்த பெண் இப்போது தினமும் போக 20, 25 கிலோமீட்டர், வர அதே தூரம். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார். ஆண்கள் தவணையில் பைக் எடுக்கிறார்கள், ராஜீவ் காந்தி சாலையில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறார்கள். முன்பு சாலையே தேவைப்படாத ஒருவரை நாள் ஒன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் சாலையில் நிறுத்தியது யார்? எந்த மறுகுடியமர்வுத் திட்ட அறிக்கையின் செலவுப் பட்டியலிலும் இந்தக் கால்களும் தலைகளும் ஏறுவதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். அந்த அறிக்கையில் வயது இருக்கிறது, பாலினம் இருக்கிறது, தலைக்கவசம் போட்டாரா என்பது இருக்கிறது, சாலை நேராக இருந்ததா வளைந்ததா என்பதுகூட இருக்கிறது. சாதி இல்லை, தொழிலும் கூலியும் இல்லை. இருந்தால் என்ன தெரியவரும் என்று நமக்கெல்லாம் ஓர் ஊகம் உண்டு. ஊகத்தை வைத்து வாதாட முடியாது என்பதால்தான் கணக்கெடுக்கச் சொல்கிறோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் இதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற மேல்மருவத்தூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் உண்மையிலேயே உயிர் காக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குக் காசு கேட்காமல் சிகிச்சை. அடிபட்டவரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மருத்துவமனையாகக் கெஞ்சிய நாட்களைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றதையும் நான் சாலைப் பாதுகாப்புத் திட்டமாகவே எண்ணுகிறேன். ஷேர் ஆட்டோவின் விளிம்பில் தொங்கிக்கொண்டு போன எத்தனையோ பேரை அது பேருந்துக்குள் உட்கார வைத்தது. ஆனால் 2023 டிசம்பர் 30 அன்று ஏறத்தாழ 394 கோடி ரூபாயில் கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது, அதற்கு ரயில் நிலையமும் இல்லை, சாலைக்கு மேலே நடைமேம்பாலமும் இல்லை. பேருந்து வந்துவிட்டது, பயணி எப்படி வருவார் என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட விஷயம். திட்டமிடுகிறவரின் மனதில் யார் முதலில் வருகிறார், யார் கடைசியில் வருகிறார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நடைமேம்பாலம் பற்றி எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. கார் நிற்கக் கூடாது என்பதற்காக, மூட்டு வலிக்காரப் பாட்டியை, வயிற்றுப்பிள்ளைக்காரியை, தலையில் கூடையோடு போகிறவரை ஐந்தரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கச் சொல்கிறோம். லிஃப்ட் வைத்தால் சில மாதத்தில் பழுதாகிவிடும். பிறகு பாலத்தில் ஏறாத சோம்பேறிகள் என்று திட்டவும் செய்கிறோம். தரையிலேயே சிக்னல் வைத்து, வண்டிகளை 40 விநாடி நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட 65இல் வருவது மோதினால் நடப்பவர் சாகும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மக்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30 என்பதுதான் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் ஏற்ற வேகம்.

தென்புறத்தில் நான் போய்வரும் ஒரு காலனியில், சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது சேரி ஒரு பக்கமும் சுடுகாடு மறுபக்கமும் ஆகிவிட்டன. ஊர்க்காரர்களின் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மீடியனில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், காலனிக்கு எதிரே இல்லை. பறையடித்துப் பிணத்தைத் தூக்கி வரும் கூட்டம் சாலையோரத்தில் நின்று, இளைஞர்கள் நான்கைந்து பேர் இறங்கிக் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, மீடியன் சுவருக்கு மேல் பாடையைக் கைமாற்றித் தாண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக மனு எழுதிக்கொண்டு போனால், சாலை எங்களுடையது, ஆனால் விளக்கு உள்ளாட்சியுடையது, சிக்னல் காவல் துறை கேட்டால்தான் என்று ஓர் அலுவலகத்தில் பதில். மற்ற இரண்டு இடங்களிலும் இதையே தலைகீழாகச் சொன்னார்கள்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, தரப்படி சாலையை வடிவமைக்காததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு லட்சம் என்பது அந்த ஒப்பந்தத்தில் ஒரு நாள் ஜல்லிச் செலவுகூட இல்லை, ஆனாலும் பொறுப்பு என்ற சொல் சட்டத்தில் ஏறிவிட்டது. எங்கள் பகுதியில் இந்தப் பிரிவில் ஒரு வழக்கைக்கூட நான் பார்த்ததில்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்குவதாகச் சொன்னது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியிலும் வார்டுக் கூட்டத்தில் இதைக் கேட்போம்.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது இதுதான். பதினைந்து பெண்கள், அதில் ஆறு பேர் தூய்மைப் பணியாளர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்போடு சாலையில் நடந்து அளக்கிறோம். நடைபாதை அகலம், விளக்கு எரியாத கம்பங்கள், கடக்க எடுக்கும் நேரம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவில் தூய்மைப் பணியாளர் ஒருவருக்கும் மறுகுடியமர்வுப் பகுதிப் பெண் ஒருவருக்கும் இடம் கேட்கிறோம். வெளிச்சம் வருமுன் பெருநெடுஞ்சாலையில் பெருக்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பின்னால் எச்சரிக்கை விளக்கோடு ஒரு வண்டி நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

விபத்து நடந்த குடும்பங்களுக்கு: இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம், தள்ளிப்போடாதீர்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று தனித் திட்டம் இருக்கிறது. வெற்றுத்தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் போகிறோம். சேர்ந்துகொள்கிறவர்கள் விபத்து நடந்த இடம், நேரம், எஃப்.ஐ.ஆர். எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.